லிஃப்தா: கட்டிக் காப்பாற்றுவதா, அப்படியே விடுவதா?

கட்டடக்காரன்:
ஜெருசலேமின் மேற்கு வாசலில், மலைச்சரிவில் ஆளில்லாமல் கிடக்கிறது லிஃப்தா என்ற பழைய பாலஸ்தீன ஊர். 50 சொச்சம் கல்வீடுகள் மிச்சம். ஒவ்வொரு மழைக்கும் ஏதாவது ஒன்று சரிகிறது. 212 வீடுகளும் ஓட்டலும் கட்டும் திட்டம் வந்தால் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கப் பணமாவது வரும். எதிர்க்கிறவர்கள் காசு கொடுப்பார்களா?

பாறைப்பூ:
மழை மட்டுமா காரணம்? 1947 டிசம்பர் 28 அன்று அந்த ஊர்க் காப்பிக்கடையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். சில வாரங்களில் ஊரே கிட்டத்தட்ட காலி. பின்னாளில் யாரும் குடியேறக் கூடாதென்று கூரைகளில் ஓட்டை போட்டது அதிகாரிகள். வாரிசுகள் பலர் கிழக்கு ஜெருசலேமிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் யாருடைய வீட்டை யாருக்கு விற்பது?

கட்டடக்காரன்:
அரசியலை விடுங்கள், நான் கல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

நீர்க்கால்:
சரி, கல்லையே பேசுவோம். இரண்டு பேருமே வீடுகளில் நிற்கிறீர்கள். அங்கே பழமையானது அடுக்கு வயல். காரையில்லாமல் அடுக்கிய சுவர், அதன் பின்னால் சல்லி, அதற்கு மேல் மண். மழைநீர் சுவர் இடுக்கு வழியாகக் கசிந்து இறங்கும், மண் தங்கிவிடும். எங்காவது சுவர் வயிறு தள்ளினால் விவசாயி பிரித்து மறுபடி அடுக்குவார். ஆள் இல்லாவிட்டால் ஒரு கல் விழும், பின்னாலேயே மண் போகும், கீழ் அடுக்கும் போகும்.

அருகிலேயே, மேற்குக் கரையில் இருக்கும் பத்திர் கிராமத்தைப் பாருங்கள். 1948-இல் அந்த ஊர் நிரந்தரமாகக் காலியாகவில்லை. எட்டுக் குடும்பங்கள் நாளுக்கு ஒன்றாக முறைவைத்து ஊற்றுநீர் பாய்ச்சுகின்றன. அதனால் அங்கே வாரத்துக்கு எட்டு நாள் என்பார்கள்! 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. லிஃப்தாவில் ஊற்று இருக்கிறது, குளம் இருக்கிறது, முறைக்காரர்தான் இல்லை. 212 வீட்டுக்குச் சாலையும் கார் நிறுத்துமிடமும் எந்த அடுக்கை வெட்டி வரும்?

பாறைப்பூ:
அந்தத் திட்டத்துக்காக நிலத்தை விற்க விட்ட ஏலத்தை 2012-இல் ஜெருசலேம் நீதிமன்றமே ரத்து செய்தது. 2021-இல் மறுபடி அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் தள்ளிப்போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், நடுவில் 2015-இல் இதே ஊரை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்ததும் இஸ்ரேல்தான்.

கட்டடக்காரன்:
பட்டியல் கூரையைத் தாங்காது அண்ணே. ஓட்டல் வேண்டாம், சரி. முட்டுக்கொடுக்கவாவது ஆள் விடலாமா, அதற்கும் வழக்குப் போடுவீர்களா?

நீர்க்கால்:
முட்டுக்கொடுங்கள். அப்படியே பத்திரிலிருந்து சுவர் அடுக்கத் தெரிந்த நாலு பேரைக் கூப்பிட்டு வர அனுமதிச்சீட்டும் வாங்கித் தாருங்கள்.