கராஜுக்குத் தனி போர்டு வைக்கும் நம்மூர்க்காரர்களுக்கு

புளியரைத் தம்பி ஒருவர் அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கிறார். வீட்டிலிருந்து 80 அடி தள்ளி கராஜ், அதாவது கார் ஷெட். அங்கே தனி போர்டு வைக்க என்ன வயர், எத்தனை ஆம்ப் பிரேக்கர் (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) என்று கேட்டிருந்தார். நான் செங்கோட்டையில் மாமாவோடு வயரிங் வேலைக்குப் போனவன், அப்புறம் பதினோரு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறேன். இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். வெளியே சாரல் விடவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தென்னந்தோப்புக் கதை. மோட்டார் ரூமுக்கு மண்ணுக்குள் வயர் போட்டிருந்தோம். பியூஸ் அடிக்கடி போகிறதென்று ஒருநாள் பியூஸ் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டார் மாமா. அப்புறம் பியூஸ் போகவே இல்லை. இரண்டு மாதத்தில் மோட்டார் நின்றது. தோண்டிப் பார்த்தால் வயரின் மேல்தோல் உருகி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. இழுத்ததும் கையோடு உரிந்து வந்தது, உள்ளே காப்பர் கறுத்திருந்தது. பியூஸோ பிரேக்கரோ, இருப்பது வயரைக் காப்பாற்றத்தான். டிரிப் ஆகிறதென்று பெரிய பிரேக்கர் மாட்டவே மாட்டாதீர்கள்.

அதனால் முதலில் லோடு என்ன, அதாவது என்னென்ன ஓடப்போகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று பாருங்கள். லைட், கதவு மோட்டார், ஒரு மர ரம்பம் என்றால் 60 ஆம்ப் தாராளம். எலெக்ட்ரிக் கார் சார்ஜர் வரும் என்றால் கணக்கே வேறு. மணிக்கணக்கில் ஓடும் லோடுக்கு அது இழுக்கும் ஆம்பில் 125 சதவீதம் கணக்கில் எடுக்க வேண்டும். 48 ஆம்ப் சார்ஜர் ஒன்றே 60 ஆம்பைத் தின்றுவிடும். கார் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 100 ஆம்ப் போடுங்கள். இரண்டாவது தடவை பள்ளம் தோண்டுவது பெரிய செலவு.

வயர் அங்கே சதுர மில்லிமீட்டரில் வராது, கேஜ் நம்பரில் வரும். நம்பர் குறையக் குறைய வயர் தடிமன். 60 ஆம்புக்கு 6-ம் நம்பர் காப்பர், 100 ஆம்புக்கு 3-ம் நம்பர் காப்பர் அல்லது 1-ம் நம்பர் அலுமினியம். 80 அடியில் 6-ம் நம்பர் காப்பரில் 48 ஆம்ப் ஓடினாலும் 4 வோல்ட்கூட இறங்காது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் ரோமெக்ஸ் என்ற கேபிளை மட்டும் மண்ணுக்குள் போடாதீர்கள். பைப்புக்குள் என்றாலும் கூடாது, மண்ணுக்குள் இருக்கும் பைப்பை ஈரமான இடமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் எர்த்தும் நியூட்ரலும். அங்கே கராஜுக்கு நாலு வயர் போக வேண்டும்: இரண்டு ஹாட் (கரண்ட் வரும் வயர்), ஒரு நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்), ஒரு கிரவுண்ட் (நம்மூர் எர்த்). வீட்டு மெயின் போர்டில் நியூட்ரலும் கிரவுண்டும் சேர்ந்திருக்கும். கராஜ் போர்டில் சேரவே கூடாது. இரண்டையும் சேர்க்க போர்டோடு ஒரு பச்சை ஸ்க்ரூவோ பட்டையோ வரும், அதை மாட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள். மாட்டிவிட்டால் நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்ட் கிரவுண்ட் வயரிலும் ஓடும். நியூட்ரல் அறுந்தால் மொத்தக் கரண்டும் அதிலேயே ஓடும், அதுவும் விட்டுப்போனால் கராஜில் தொடுகிற இரும்பெல்லாம் ஷாக் அடிக்கும்.

கராஜுக்கென்று தனியாக 8 அடி ராடும் (எர்த்துக்கான உலோகக் கம்பி) மண்ணில் அடிக்க வேண்டும். ஆனால் நம்மூரில் எர்த்துக்கு உப்பும் கரியும் போட்டுக் குழி எடுத்த பழக்கத்தில் ராடு இருக்கிறதே, கிரவுண்ட் வயர் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். மண்ணின் தடை 25 ஓம் என்றால் 120 வோல்ட்டில் 5 ஆம்ப்கூட ஓடாது, 20 ஆம்ப் பிரேக்கர் எப்படி விழும்? பிரேக்கரை விழவைப்பது அந்த நாலாவது வயர்தான்.

தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811-க்குப் போன் செய்யுங்கள், கேஸ் லைன் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். பிவிசி பைப் என்றால் மேல்மண் 18 அங்குலம், கேபிளை நேரடியாகப் புதைத்தால் 24. பெர்மிட் எடுங்கள், வீட்டுக்காரரே வேலை செய்யலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும், அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை பள்ளத்தை மூட வேண்டாம். மூடுவதற்கு முன்னால் டேப் பிடித்து, சுவரிலிருந்து எத்தனை அடியில் பைப் போகிறது என்று போட்டோ எடுத்து, போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.