கல்யாண ஆல்பம் ஸ்கேன்: கலர் படங்களில் புள்ளி விழுகிறது, உதவி வேண்டும்

வணக்கம். அம்மா அப்பாவின் 1982 கல்யாண ஆல்பத்தை வீட்டு ஸ்கேனரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படங்கள் 600 டிபிஐ நுணுக்கத்தில் அருமையாக வந்துவிட்டன. பாட்டியின் மூக்குத்திக் கல் கூடத் தெரிகிறது. சிக்கல் கலர் படங்களில்தான். அந்தக் காலத்து சில்க் பேப்பர், தடவினால் சொரசொரவென்று தேன்கூடு மாதிரி இருக்கும். ஸ்கேனர் விளக்கு சாய்வாக விழுவதால் ஒவ்வொரு மேடும் வெள்ளைப் புள்ளியாகி, அம்மாவின் முகத்தில் வலை போர்த்தியது போல வருகிறது. கணினியில் மங்கலாக்கிப் பார்த்தேன். புள்ளியோடு கண்ணிமையும் போய்விட்டது. அதற்கு மனம் ஒப்பவில்லை.

நேராக ஒரு முறை, 180 டிகிரி திருப்பி ஒரு முறை ஸ்கேன் செய்து, இரண்டையும் கலந்தால் புள்ளி குறையும் என்கிறார்கள். யாராவது செய்திருக்கிறீர்களா? கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் இரண்டையும் பிசகாமல் பொருத்துவது எப்படி? இல்லை, இரு பக்கமும் விளக்கு வைத்துக் கேமராவில் எடுப்பதே நல்லதா?

அப்புறம், நாலு படங்கள் ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக் கிடக்கின்றன. பிரிக்கப் பயமாக இருக்கிறது. தாளோடு அப்படியே ஸ்கேன் செய்துவிடட்டுமா? அம்மாவுக்குக் கண் மங்கிவருகிறது. பெரிதாக அச்சிட்டுச் சீக்கிரம் கையில் கொடுக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.