40 ஆயிரத்துக்குள் கேமிங் பிசி: அசெம்பிளா, ரெடிமேடா?

திருச்சிக்காரன்:
தம்பிக்கு வலரன்ட், ஜிடிஏ 5 கேம்கள் ஓடினால் போதும். மானிட்டர் இருக்கிறது. உள்ளூர்க் கடையில் "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி" 24 ஆயிரம் என்கிறார்கள். எடுக்கலாமா, இல்லை கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகவா?

பழைய மதர்போர்டு:
அந்த ஐ7 பிராசஸர் எத்தனையாவது தலைமுறை என்று முதலில் கேளுங்கள். அந்த விலைக்குப் பெரும்பாலும் 2600 அல்லது 3770 மாடல்தான் வரும். 2011, 2012இல் வந்த சரக்கு. ஸ்டிக்கர் மட்டும் புதுசு. விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது.

திருச்சிக்காரன்:
கேட்டேன் அண்ணா. 3770, கூட ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு.

பழைய மதர்போர்டு:
அப்புறம் என்ன, இரண்டுமே பழசு, விட்டுவிடுங்கள். ரைசன் 5 5600ஜி பிராசஸர், ஒரு பி550 மதர்போர்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்) எடுங்கள். கிராபிக்ஸ் பிராசஸருக்கு உள்ளேயே இருக்கிறது, கார்டு பிறகு போட்டுக்கொள்ளலாம். ராம் மட்டும் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், ஒரே 16 வேண்டாம். அந்த கிராபிக்ஸ் ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. இரண்டு ராம் குச்சி போட்டால் பிரேம் ரேட் (கேம் ஓடும் வேகம்) நன்றாகவே ஏறும். ராம் விலை மட்டும் நிலையில்லாதது, வாங்குகிற அன்று நாலு கடையில் கேளுங்கள்.

நைட் ஷிப்ட்:
கேபினட்டோடு சும்மா தரும் எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) வாங்காதீர்கள். எனக்கு ஒரு கடையில் அப்படித் தந்தது பழுதானபோது மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. பில்லில் சீரியல் நம்பரும் எழுதவில்லை, வாரண்டி போச்சு.

திருச்சிக்காரன்:
அசெம்பிள் பண்ணத் தெரியாதே?

பழைய மதர்போர்டு:
எல்லாம் ஒரே கடையில் எடுத்தால் பெரும்பாலும் அவர்களே மாட்டித் தருவார்கள். காலி டப்பாக்களையும் கேட்டு வாங்கி வாருங்கள்.