முதல் ஆராய்ச்சி மானியம்: கல்லூரியில் உதவி மேசையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பாலாற்றங்கரை

ராணிப்பேட்டைக்கு அருகில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். பாலாற்றை ஒட்டிய ஊர்களின் கிணற்று நீரில் குரோமியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கும் மூன்றாண்டுத் திட்டத்துக்கு மத்திய அரசுத் துறை ஒன்றின் மானியம் கிடைத்தது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பகுதி இது என்பதால், தண்ணீரைப் பற்றி யார் வந்து கேட்டாலும் மக்களே கிணற்றடிக்குக் கூட்டிச் சென்று காட்டுகிறார்கள். மாதிரி எடுப்பதில் எனக்கு ஒரு தடையும் ஏற்படவில்லை. தடை முழுவதும் கல்லூரி அலுவலகத்துக்குள்தான் இருந்தது.

மானியப் பணம் எதற்குச் செலவானது என்று காட்டி முதலாண்டு முடிவில் அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழ் இரண்டு மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. திட்டத்துக்கெனத் தனியாகத் தொடங்கிய சேமிப்புக் கணக்கில் சேர்ந்த வட்டியைக் காட்டவில்லை என்பது ஒரு குறை. நுகர்பொருள்களுக்கென ஒதுக்கிய செலவுத் தலைப்பிலிருந்து, கருவியான பி.எச். மீட்டரை வாங்கியிருக்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டும் என் கவனக்குறைவுதான் என்றாலும், முன்கூட்டியே சுட்டிக்காட்டக்கூடிய ஒருவர் கல்லூரியில் இல்லை. ஊதியப் பட்டியல், கல்வி உதவித்தொகை, தேர்வுக் கட்டணம் அனைத்தையும் பார்த்துக்கொள்ளும் ஒரே எழுத்தர், நான் கொடுத்த ரசீதுகளை ஒரு பழைய இனிப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். கண்ணாடிக் குப்பிகள் வாங்கிய ரசீதைத் தேடி எடுத்தபோது, அது வெப்பத்தாளில் அச்சானது என்பதால் எழுத்தெல்லாம் வெளுத்துப்போய், கடைக்காரர் பேனாவால் போட்ட கையொப்பம் மட்டும் மிஞ்சியிருந்தது. இந்த ஊர் வெயிலில் இரும்பு பீரோவுக்குள் இருந்த காகிதத்துக்கே அந்தக் கதி.

அடுத்த தவணை ஐந்து மாதங்கள் தாமதமாக வந்தது. அதுவரை என் ஆய்வு மாணவர் உதவித்தொகை இல்லாமல் ஓட்டினார். இப்போது மேலும் மூன்று ஆசிரியர்களுக்கு மானியம் வரவிருப்பதால், பட்டறிவு உள்ளவர் என்று சொல்லி முதல்வர் என்னையே ஓர் ஆராய்ச்சி உதவி மேசை அமைக்கச் சொல்லியிருக்கிறார். தரப்படுவது ஓர் அறை, ஒரு கணினி, அரைநாளுக்கு ஓர் எழுத்தர். எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். என் திட்டத்தின் இரண்டாம் பகுதியில் வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிலாளர்களின் சிறுநீர் மாதிரியும் எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேறு என்ன அனுமதிகள் தேவை?

பதில் 1: பழைய பேரேடு

பேராசிரியருக்கு வணக்கம். பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது காட்பாடியில் வசிக்கிறேன். திரும்பி வந்த சான்றிதழ்களை ஏராளமாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தங்கள் மேசையின் வேலை மார்ச் மாதத்தில் தொடங்குவதன்று, மானிய ஆணை கையில் கிடைத்த அன்றே தொடங்க வேண்டும். ஆசிரியர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தில் உள்ள தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு ஆணையை மடித்து வைத்துவிடுகிறார்கள். பின்பக்கங்களில் உள்ள நிபந்தனைகளைத் தணிக்கை வரும்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறார்கள். ஆகவே ஆசிரியரையும் எழுத்தரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஆணையை வரிவரியாக வாசித்து, எந்தத் தலைப்பில் எவ்வளவு, எந்தத் தலைப்பிலிருந்து எதற்கு மாற்ற முன் அனுமதி வேண்டும், வட்டியை என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் எந்த அறிக்கை என்பவற்றை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மென்பொருள் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வட்டியைப் பற்றி: மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 230ஆம் விதி, மானியத் தொகையில் ஈட்டிய வட்டியை இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்தச் சொல்கிறது, அதை மத்திய அரசுக்குப் பணம் செலுத்தும் பாரத்கோஷ் இணையதளம் வழியாகச் செலுத்திவிட்டு, செலுத்துச் சீட்டை 12-ஏ படிவத்தில் தரும் பயன்பாட்டுச் சான்றிதழோடு இணைத்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். புதிய மானியங்கள் பலவற்றில் இந்தச் சிக்கலே எழாது. ஏனென்றால் பணம் கல்லூரிக் கணக்கில் தங்குவதில்லை. கருவூல ஒற்றைக் கணக்கு முறையில் செலவு வரம்பு மட்டுமே நமக்கு ஒதுக்கப்படுகிறது. செலவழியாமல் நிற்கும் வரம்பு மார்ச் 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும். அதற்குப் பயந்து பிப்ரவரியில் அவசரம் அவசரமாக வாங்கிக் குவிப்பவர்கள், நிதியாண்டின் கடைசி மாதங்களில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று அதே விதிகளில் 62ஆம் விதி கூறுவதைக் கவனிப்பதில்லை. இரண்டு பக்கமும் இடி வாங்காமல் இருக்க வேண்டுமானால் கருவிகளுக்கான கொள்முதலை ஆண்டின் முற்பாதியிலேயே முடித்துவிட வேண்டும்.

கொள்முதல் வரம்புகளும் மாறியுள்ளன. 2025 ஜூன் மாதம் மத்திய நிதியமைச்சகம் வெளியிட்ட ஆணைப்படி, அறிவியல் நிறுவனங்களில் ஆராய்ச்சிக்காக விலைப்புள்ளி (விற்பவர் எழுத்தில் தரும் விலை விவரம்) இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாகவும், கொள்முதல் குழு வழியாக வாங்கும் உச்சவரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சம் ரூபாயாகவும் உயர்ந்துள்ளன. தங்கள் கல்லூரிக்கு இது பொருந்துமா என்பதை மானியம் அளிக்கும் துறையிடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். தணிக்கையாளரிடம் வாய்மொழி செல்லாது.

இன்னொன்றையும் கூறிவிடுகிறேன். ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய முன்மொழிவை முன்னால் வைத்துக்கொண்டு பட்ஜெட் எழுதுபவர்கள் இன்றைக்கும் 5 சதவீதமே போடுகிறார்கள். பில் 18 சதவீதத்தோடு வந்து நிற்கும்போது பற்றாக்குறையை யார் தலையில் கட்டுவது என்ற பஞ்சாயத்து தொடங்குகிறது. ரசீது எதுவானாலும் வாங்கிய அன்றே நகல் எடுத்து, இரண்டையும் சேர்த்துக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

பதில் 2: ஒப்புதல் படிவம்

வேலூரில் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைக் குழு ஒன்றின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். கிணற்று நீர் எடுக்கும் வரையில் உங்களுக்கு எங்கள் துணை தேவையில்லை. தொழிலாளியின் சிறுநீர் என்று எழுதிய நொடியில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயமாகிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி அக்குழுவில் 7 முதல் 15 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கலைக் கல்லூரியில் இவ்வளவையும் உருவாக்க ஓராண்டாவது ஆகும். வேறொரு நிறுவனத்தின் பதிவு பெற்ற குழுவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்ள அதே வழிகாட்டுதல் இடம் தருவதால், அந்த வழியையே பரிந்துரைக்கிறேன். மாதிரி எடுத்து முடித்த பிறகு முன்தேதியிட்டு ஒப்புதல் தருவது என்பது கிடையவே கிடையாது. இதைக் கேட்டு வருத்தத்தோடு திரும்பிச் சென்ற ஆசிரியர்கள் பலர்.

அனுமதியை விடக் கடினமான பகுதி ஒன்று உண்டு. தொழிலாளர்களை எப்படி அணுகப் போகிறீர்கள்? தொழிற்சாலை முதலாளியிடம் பேசி, அவர் மேஸ்திரியிடம் சொல்லி, மேஸ்திரி இருபது பேரை வரிசையில் நிறுத்தினால் மாதிரி ஒரே காலையில் கிடைத்துவிடும். ஆனால் அந்த இருபது பேரில் ஒருவராவது முடியாது என்று சொல்லத் துணிவாரா என்று குழு நிச்சயம் கேட்கும். அவர்கள் வசிக்கும் தெருவில், வேலை நேரத்துக்கு வெளியே அணுகுவது நல்லது. குரோமிய அளவு அதிகமாக இருந்தால் அந்த மனிதரிடம் யார் சொல்வது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது, முடிவு முதலாளி கைக்குப் போகாமல் எப்படிக் காப்பது என்பவற்றையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

தொழிலாளர்கள் சம்மதித்துக் கையொப்பமிடும் ஒப்புதல் படிவம் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் வீட்டில் உருது பேசுபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து கையொப்பமிட வேண்டும். உங்கள் ஆய்வு மாணவரே சாட்சியாக இருப்பது செல்லாது. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாகவோ வெளிநாட்டு நிதி பெறுவதாகவோ இருந்தால், சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் அனுமதியும் வேண்டியிருக்கும். அதற்குத் தனியாக மாதங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பதில் 3: முள்ளுக் கத்தரி

மேலே உள்ள இரண்டு பதில்களோடும் உடன்படுகிறேன். ஆயினும் மானியம் வாங்கி ஆய்வு செய்யும் தாவரவியல் ஆசிரியை என்ற முறையில் ஒரு முறையீடு உண்டு. நான் முன்பு பணியாற்றிய இடத்தில் இப்படித்தான் ஓர் உதவி மேசை தொடங்கினார்கள். முதலாண்டில் அது உண்மையிலேயே உதவியது. அடுத்த ஆண்டு ஒவ்வொரு பில்லுக்கும் நான்கு கையொப்பங்கள் கேட்டது. மூன்றாம் ஆண்டில், இருநூறு ரூபாய்க்கு வாங்கிய விதை உறைகளுக்கு ஏன் மூன்று விலைப்புள்ளி இல்லை என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பியது. விதி அப்படிச் சொல்லவில்லை; மேசையில் இருந்தவருக்கு விதி தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகக் கேட்டார். தெரியாதவர் கையில் விதி எப்போதும் நீண்டுகொண்டே போகிறது.

ஆகவே உங்கள் எழுத்தருக்கு முதலில் விதியைப் படிக்க நேரம் கொடுங்கள். மறுப்பு எதுவானாலும் எந்த விதியின்படி என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள். அதே மேசைதான் என்னை ஒருமுறை பெரிய இக்கட்டிலிருந்து காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும்: 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரிக்காயின் விதையை வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவருக்கு அஞ்சலில் அனுப்பவிருந்தேன்; 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தைக் காட்டி, தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று அந்த எழுத்தர்தான் உறையைத் திருப்பித் தந்தார்.

மறுமொழி: பாலாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. நேற்று மதியம் புதிதாக மானியம் பெறும் மூன்று ஆசிரியர்களில் இருவரோடும் எழுத்தரோடும் உட்கார்ந்து ஆணைகளை வரிவரியாக வாசித்தோம்; ஒன்றரை மணி நேரம் ஆனது. இயற்பியல் ஆசிரியரின் பட்ஜெட்டில் 5 லட்ச ரூபாய்க் கருவிக்கு 5 சதவீத வரியே போடப்பட்டிருந்தது. 65,000 ரூபாய் குறைகிறது என்று கொள்முதல் ஆணை அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடித்து, தலைப்பு மாற்ற அனுமதி கேட்டுத் துறைக்குக் கடிதம் எழுதிவிட்டோம். கடிதத்தில் விதி எண்ணைத் தேடி எழுதியவர் எழுத்தர்தான்.

தொழிலாளர்கள் தொடர்பாக முதலாளி ஒருவரிடம் ஏற்கெனவே வாய்மொழியாகப் பேசி வைத்திருந்தேன், அதைக் கைவிட்டுவிட்டேன். வேலூரில் பதிவு பெற்ற குழு ஒன்றிடம் ஒப்பந்தத்துக்காக முதல்வர் கடிதம் அனுப்புகிறார். ஆகஸ்டு மாதம் என்று குறித்திருந்த மாதிரி சேகரிப்புத் தேதியைத் திட்ட அட்டவணையிலிருந்து அடித்துவிட்டு, ஒப்புதல் பெற்ற பின் என்று எழுதியிருக்கிறேன்.