ஊரடங்கில் யாருக்கு டென்ஷன் அதிகம்? (இணைய மன்றத்தின் 97 நிமிட விவாதத் திரி)

சுங்கடி:
நேற்று எங்கள் குடியிருப்பில் மகளிர் தினம். கோலப்போட்டி, பாட்டு, சுண்டல் எல்லாம் முடிந்ததும் சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "கொரோனா சமயத்தில் பெண்களுக்கு என்ன குறை? வீட்டிலேயே இருந்து பழகியவர்கள்தானே. தவித்துப்போனது ஆண்கள்தான்" என்றார். முன்வரிசையில் சிரிப்பு வேறு. சுண்டல் தொன்னையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதுதான் இங்கே கொட்டுகிறேன்.

பழகியவர்களாம். 2020 மார்ச் 25ல் இருந்து நான் தையல் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தவள். மறந்துபோய் மிதியில் கால் பட்டால் சக்கரம் கடகடவென்று சுற்றும், மீட்டிங்கில் இருக்கிறவர்கள் அது என்ன சத்தம் என்று கேட்பார்கள். மகனுக்கு ஒன்பதரைக்கு வகுப்பு, மகளுக்கும் ஒன்பதரைக்கு வகுப்பு, என் மீட்டிங்கும் ஒன்பதரைக்கு. பிள்ளைகளுக்குக் கொடுக்க இருந்தது ஒரே ஒரு போன். குக்கர் விசில் அடிக்கும்போது மைக்கை அணைக்கத் தெரிந்துகொண்டதுதான் அந்த வருடம் நான் கற்ற தொழில்நுட்பம்.

அரசாங்கக் கணக்கே இருக்கிறது. 2019 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண் ஒரு நாளில் 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். எல்லோரும் வெளியே போய்வந்த காலத்திலேயே இது. அத்தனை பேரும் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்?

பேரேடு:
மேடம், நீங்களே 2019 என்று எழுதிவிட்டீர்கள். தொற்று வந்தது 2020ல். முந்தைய வருடத்துக் கணக்கை அடுத்த வருடத்தில் பதிவது எந்த ஊர் வழக்கம்? 31 வருடம் தணிக்கையில் இருந்தவன் நான். இப்படி ஒரு வவுச்சர் வந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இரண்டாவது, 97 நிமிடம். ஆக, ஆண்களும் தினம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வீட்டு வேலை செய்கிறார்கள் என்று உங்கள் கணக்கெடுப்பே ஒப்புக்கொள்கிறது. அதற்கு ஒரு நன்றியாவது உண்டா?

மூன்றாவது, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 2020ல் நாட்டில் தற்கொலை 1,53,052. அதில் ஆண்கள் 1,08,532. தினக்கூலிகள் மட்டும் 37,666. யாருக்கு டென்ஷன் என்பதற்கு இதற்கு மேல் என்ன ஆதாரம்?

மேலூர்க்காரி:
வந்துவிட்டார் ஐயா. கேஸ் மானியத் திரியில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் காணாமல் போனவர், இங்கே சிவப்பு மையோடு வந்து நிற்கிறார்.

97 என்ன என்று படித்தீர்களா? அது எல்லா ஆண்களுக்குமான சராசரி இல்லை. வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு மட்டுமான சராசரி. செய்கிற ஆண்கள் 100க்கு 26 பேர். மீதி 74 பேர் அன்றைக்கு ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைக்கவில்லை. எல்லோருக்கும் பங்கு போட்டால் தலைக்கு 25 நிமிடம் வரும். பெண்களில் செய்கிறவர்கள் 100க்கு 81. அந்த 26 பேர் செய்ததற்கு மற்ற 74 பேருக்கும் சேர்த்து நன்றி கேட்கிறார் தணிக்கை அதிகாரி!

பேரேடு:
97 என்று அச்சில் இருக்கிறது. 25 என்பது நீங்கள் போட்டது. அதோடு 2019.

அரைகுறை:
ஒரு சின்னச் சந்தேகம். மன அழுத்தம், மனச்சோர்வு, தற்கொலை மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறோமே, அது சரியா? மன அழுத்தத்தை அளக்கத் தனியாகக் கேள்வித்தாள் இருக்கிறது. உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் மற்றவர்களும் 1983ல் கொண்டுவந்தது. அதன் பத்துக் கேள்வி வடிவத்தில் 0 முதல் 40 வரை மதிப்பெண். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை விஷயங்கள் கைமீறிப் போவதாகத் தோன்றியது என்கிற மாதிரி கேட்பார்கள். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டால்...

பேரேடு:
தம்பி, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மேலூர்க்காரி:
தம்பி, அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இவர் 97க்குப் பதில் சொல்லட்டும்.

நைட் டியூட்டி:
நான் ஸ்டாஃப் நர்ஸ். வீட்டிலேயே இருந்து பழகியவர்கள் என்று சொன்ன அந்தச் செயலாளரைக் கொஞ்சம் அனுப்பி வையுங்கள். கவச உடையைப் போட்டால் ஆறு மணி நேரத்துக்குக் கழற்ற முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. மாதத்தில் அந்த நாட்கள் வந்தாலும் அதே ஆறு மணி நேரம்தான். கழற்றும்போது கையுறைக்குள் தேங்கிய வியர்வை ஒழுகும். வீட்டுக்கு வந்து கொல்லைப்புறத்தில் குளிப்பேன். என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள், தூக்க முடியாது. குளித்து முடித்தால் சமையல். அது உங்கள் 299ல் வருமா, 97ல் வருமா, தெரியவில்லை.

பேரேடு:
சகோதரிக்கு வணக்கம். உங்கள் சேவையைப் பாராட்டி நாங்களும் 2020 மார்ச் 22 அன்று தட்டு தட்டினோம். ஆனால் தனிப்பட்ட அனுபவம் வேறு, புள்ளிவிவரம் வேறு. 1,08,532க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நைட் டியூட்டி:
அந்தத் தட்டையும் யாரோ கழுவித்தானே வைத்திருப்பார்கள் சார்.

மேலூர்க்காரி:
சரி, 1,08,532க்கே வருகிறேன். 2019ல் ஆண்கள் 97,613, பெண்கள் 41,493. அப்போதும் 100க்கு 70 ஆண்கள்தான். கொரோனா புதிதாகக் கொண்டுவந்த வித்தியாசம் இல்லை இது. 2020ல் இறந்த பெண்களில் இல்லத்தரசிகள் 22,374 பேர், அதாவது பாதி. அந்த வரியை மட்டும் உங்கள் சிவப்பு மை தாண்டிப்போய்விட்டது.

பேரேடு:
கணக்கைச் சரியாகப் போடுங்கள். 97,613ல் இருந்து 1,08,532 என்றால் ஆண்களில் கூடியது 10,919. பெண்களில் கூடியது 3,005. மூன்றரை மடங்கு. இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள்?

சுங்கடி:
அந்த 97,613 எந்த வருடத்துக் கணக்கு சார்?

பேரேடு:
2019. அது ஒப்பீட்டுக்காக எடுத்தது.

சுங்கடி:
நான் எடுத்தால் திருட்டு வவுச்சர், நீங்கள் எடுத்தால் ஒப்பீடு.

பேரேடு:
இரண்டும் வேறு வேறு. அது ஒவ்வொரு வருடமும் வருகிற ஆவணம். உங்களுடையது வருடாவருடம் எடுப்பதில்லை, 2019க்கு எதிரே 2020 பக்கம் காலி. காலிப் பக்கத்தில் இஷ்டத்துக்குத் தொகை எழுதக் கூடாது. இந்த அடிப்படை புரியாதவர்களிடம் நான் என்ன பேசுவது? இருந்தாலும் பேசுகிறேன்.

பாலாற்றங்கரை:
என் பங்குக்கு ஒன்று. 2020 மே 7 வரை எங்கள் தெரு அமைதியாக இருந்தது. குடித்தவர்களுக்கு முதல் பத்து நாள் கை நடுங்கியது, கத்தினார்கள், அப்புறம் அடங்கினார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். டாஸ்மாக் கதவு திறந்த அன்றைக்கு ரேஷன் கார்டுக்கு வந்த ஆயிரத்தில் மிச்சமிருந்ததும் போனது, அக்காவின் கொலுசும் போனது. இதில் குழுக்கடன் வேறு. ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. ஆனால் வசூலுக்கு வந்த ஆள் வாசற்படியை விட்டு எழவில்லை. கடன் அக்காவின் பேரில் இருந்ததால் புருஷன் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். உட்கார்ந்து பதில் சொன்னது அக்கா. அந்த டென்ஷனுக்கு எந்தக் காப்பகத்தில் கணக்கு?

பேரேடு:
மே 7 என்பது தவறான தகவல். சென்னையில் டாஸ்மாக் திறந்தது ஆகஸ்ட் 18.

பாலாற்றங்கரை:
நான் சென்னை என்றா சொன்னேன்? என் பெயரைப் படித்தாலே ஊர் தெரியுமே.

பேரேடு:
மாவட்டங்களிலும் மே 8 அன்றே உயர் நீதிமன்றம் மூடச் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் தடை கொடுத்து, திரும்பத் திறந்தது மே 16. ஆக, இரண்டே நாள் திறந்திருந்ததை வைத்து ஒரு கதை.

பாலாற்றங்கரை:
கொலுசைக் கழற்ற இரண்டு நாள் எதற்கு ஐயா?

மொட்டைமாடி:
இதுவரை எழுதாமல் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆண்களுக்கு ஒன்றும் இல்லை என்று பேசுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். 2020 ஜூனில் ஒரே ஒரு போன் காலில் வேலை போனது. 11 வருட வேலை, நான்கு நிமிடப் பேச்சு. வீட்டில் சொல்லவில்லை. இரண்டு மாதம் தினம் காலையில் சட்டை போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இடையிடையே "ஓகே, ஓகே" என்று சத்தமாகச் சொல்லுவேன், வெளியே கேட்க வேண்டுமே. சேமிப்பை எடுத்து முதல் தேதி சம்பளம் என்று கொடுத்தேன். ராத்திரி மாடிக்குப் போய் இருட்டில் நிற்பேன். எந்தக் கேள்வித்தாளில் கேட்டிருந்தாலும் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் நிரப்பியிருப்பேன்.

பேரேடு:
இதைத்தான் முதலில் இருந்து சொல்கிறேன்! கேட்டால் பெண்கள் சொல்லிவிடுவார்கள், ஆண்கள் சொல்ல மாட்டார்கள். ஆய்வு என்று எதைக் கொண்டுவந்தாலும் இந்த ஓட்டை இருக்கும். நண்பர் மொட்டைமாடி என் கட்சி.

மொட்டைமாடி:
நான் யார் கட்சியும் இல்லை சார்.

மேலூர்க்காரி:
மொட்டைமாடி தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த இரண்டு மாதமும் சாத்திய கதவைத் தட்டிக் காபி கொண்டுவந்து வைத்தது யார்?

மொட்டைமாடி:
இதற்குத்தான் ஆண்கள் எதையும் சொல்வதில்லை.

நைட் டியூட்டி:
அக்கா, அது வேண்டாத கேள்வி. அவர் இப்போதுதான் வாயைத் திறந்தார்.

மேலூர்க்காரி:
எது வேண்டாத கேள்வி? அந்த அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்திருப்பார். அதற்குப் பெயர் என்ன? நீங்கள் எப்போது அவர் பக்கம் சேர்ந்தீர்கள்?

நைட் டியூட்டி:
நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அழுத ஆண்களும் உண்டு. நான் போனால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

சுங்கடி:
பேரேடு சார் ஆய்வு கேட்டாரே, லான்செட் மருத்துவ இதழில் 2021 அக்டோபரில் வந்தது இருக்கிறது. உலகம் முழுக்க 2020ல் கூடுதலாக 5.3 கோடி பேருக்குத் தீவிர மனச்சோர்வு. அதில் பெண்கள் 3.55 கோடி, ஆண்கள் 1.77 கோடி. சரியாக இரண்டு மடங்கு. இதில் 2020 பக்கம் காலியாக இல்லை.

பேரேடு:
மதிப்பீடு. எண்ணிப் பார்த்தது இல்லை. உலகக் கணக்கை எதற்கு இங்கே கொண்டுவருகிறீர்கள்? நம் நாட்டுக் கணக்கைக் கொடுங்கள் என்றால் 2019ஐக் கொடுக்கிறீர்கள், 2020ஐக் கேட்டால் உலகத்தைக் கொடுக்கிறீர்கள். ஒரு கையில் வருடம் இல்லை, ஒரு கையில் ஊர் இல்லை.

அரைகுறை:
அது மனச்சோர்வு பற்றியது. நாம் பேசிக்கொண்டிருப்பது மன அழுத்தம். அதனால்தான் நான் முதலிலேயே...

மட்டுறுத்துநர்:
கேஸ் மானியத் திரியை இங்கே இழுக்க வேண்டாம். தனிநபர் தாக்குதல் வேண்டாம். "வாயைத் திறந்தார்" பற்றி வந்த புகாரைப் பார்த்துவிட்டேன், அதில் தவறு இல்லை.

மேலூர்க்காரி:
புகார் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். கேஸ் மானியத் திரியிலும் இப்படித்தான் நடந்தது.

பேரேடு:
நான் கொடுக்கவில்லை. என் 31 வருட சர்வீஸில் யார் மேலும் மொட்டைக் கடுதாசி போட்டதில்லை. போகட்டும், இங்கே எல்லோரும் ஆண்கள் துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். ஊரடங்கு முழுக்க என் வீட்டில் பால் நான்தான் வாங்கினேன். காய்கறி வண்டி வந்தால் நான்தான் இறங்குவேன், முகக்கவசத்தோடு. வாங்கிய காய்களை உப்புத் தண்ணீரில் போடச் சொல்வேன். செடிக்குத் தண்ணீர். மின்கட்டணம் ஆன்லைனில். கூட்டிப் பார்த்தால் 97க்கு மேலேயே வரும்.

சுங்கடி:
"போடச் சொல்வேன்" எத்தனை நிமிடம் சார்?

மேலூர்க்காரி:
செடி எத்தனை? ஒரு துளசி, ஒரு கற்பூரவல்லியா?

பேரேடு:
ஏழு தொட்டி. ஏளனம் செய்யாமல் எண்ணைப் பேசுங்கள். 97.

பாலாற்றங்கரை:
25.

பேரேடு:
அச்சில் 97.

சுங்கடி:
இந்தத் திரியை யாரோ எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். செயலாளர் பார்த்துவிட்டார் போல. "சிலர் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் கருத்து மட்டும் சொல்கிறார்கள்" என்று குழுவில் போட்டிருக்கிறார். பிப்ரவரி கட்டணம் 3ம் தேதியே கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது. இங்கே யாருக்காவது சங்கச் சட்டம் தெரியுமா?

மேலூர்க்காரி:
ரசீதைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். முதலில் அவரை விட்டுவிடாதீர்கள்.

பேரேடு:
சங்கச் சட்டம் எனக்குத் தெரியும், ஆனால் தனித் திரி தொடங்குங்கள். இங்கே பேச்சை மாற்றுகிறீர்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், பத்து நிமிடத்தில் வருகிறேன். அதற்குள் 2020 கணக்கை யாராவது கொண்டுவந்து வையுங்கள்.

நைட் டியூட்டி:
கூப்பிடுகிறார்களாம்.

மொட்டைமாடி:
இதற்கும் ஆரம்பிக்காதீர்கள்.

பேரேடு:
சாப்பிட்டாயிற்று. 2019க்கு இன்னும் பதில் வரவில்லை.