சைலன்சருக்குத் தமிழ்: டி லைல் கார்பைனை வைத்துப் பார்ப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

துப்பாக்கிச் சைலன்சரைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பேசும் இந்த இழையில் இதுவரை ‘மௌனமாக்கி’, ‘ஓசையொடுக்கி’, ‘ஒலியடக்கி’ என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ‘மௌனமாக்கி’யை முதலிலேயே விட்டுவிடலாம். சுடும்போது சத்தமே வராத துப்பாக்கி கிடையாது. மற்ற இரண்டும் பரவாயில்லை, ஆனாலும் நடப்பதைவிடக் கூடுதலாகவே சொல்கின்றன.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காக வில்லியம் டி லைல் வடிவமைத்த கார்பைனை, அதாவது குட்டை ரைபிளைப் பாருங்கள். பிரிட்டிஷ் படையின் லீ என்ஃபீல்டு ரைபிளின் போல்ட் அமைப்பு (கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் பகுதி), தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் குழல், கோல்ட் 1911 கைத்துப்பாக்கியின் மேகசின் (தோட்டாக்கூடு) ஆகிய மூன்றையும் இணைத்துச் செய்தது அது. லீ என்ஃபீல்டின் வழக்கமான .303 அங்குலக் குண்டு நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் பாயும். ஒலியின் வேகமோ சுமார் 340 மீட்டர்தான். அதனால் குழல்வாயில் எதை மாட்டினாலும், குண்டு காற்றைக் கிழிக்கும் ‘படார்’ போகாது. டி லைல் அதற்குப் பதில் .45 அங்குலத் தோட்டாவை எடுத்தார்; அது நொடிக்குச் சுமார் 250 மீட்டர்தான் போகும். மிச்சமிருப்பது வெடிவாயு எழுப்பும் சத்தம். குழலில் போட்ட துளைகள் வழியே வாயு பருத்த உறைக்குள் விரிந்து, தடுப்புத் தட்டுகளைக் கடந்து, வேகம் குறைந்து வெளியேறுகிறது. ஆக, இது ஒலியை அடக்கவில்லை, படிப்படியாகத் தணிக்கிறது. அடுத்த தோட்டாவை ஏற்றப் போல்ட்டை இழுத்துத் தள்ளும் சத்தம், சுட்ட சத்தத்தைவிட அதிகம் என்றுகூடச் சொல்வார்கள்.

எனவே என் பரிந்துரை ‘ஒலிதணிப்பான்’. ஒலிபெருக்கியில் ப் மிகாதது போல இங்கும் த் மிகாது. ‘தணிப்பி’ என்றால் பிறவினை ஏவல் மாதிரி ஒலிக்கிறது, அதனால் வேண்டாம்.

ஆனால் இது கழற்றி மாட்டும் கருவிக்கு மட்டும்தான். டி லைலில் உறையைக் கழற்றினால் மிஞ்சுவது துளைபோட்ட குட்டைக் குழல். அங்கே தணிப்பதே குழலின் வேலை. அதற்கு வினைத்தொகையாக ‘ஒலிதணிகுழல்’ என்று சொல்லலாம். ‘ஒலிதணிகுழல் கார்பைன்’ என்றாலே, இது பிற்பாடு மாட்டியது அல்ல, பிறவியிலேயே இப்படி என்பது விளங்கிவிடும்.

இந்த வேறுபாடு சேகரிப்பாளர்களுக்கு ரொம்ப முக்கியம். மொத்தம் செய்யப்பட்ட டி லைல் கார்பைன்களே ஏறக்குறைய 130தான், போருக்குப் பின் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள ராயல் ஆர்மரீஸ் போன்ற அருங்காட்சியகங்களுக்கு வெளியே அசலைப் பார்ப்பது அரிது. அமெரிக்காவில் அதன் நகல்களைச் செய்து விற்றிருக்கிறார்கள். பழைய லீ என்ஃபீல்டில் நவீன ஒலிதணிப்பானை மாட்டியதையும் அசல் டி லைலையும் தமிழில் ஒரே சொல்லால் குறித்தால், படிப்பவருக்கு எது அரிது, ஏன் இவ்வளவு விலை என்பதே புரியாது. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒலிதணிப்பான்களைப் பதிவு செய்ய வேண்டும். கழற்றித் தனியே வைக்கக்கூடியதா, துப்பாக்கியோடு ஒன்றியதா என்பது சேகரிப்பவர் முதலில் பார்க்கும் விஷயங்களில் ஒன்று.

‘கார்பைன்’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்வோம், காவல்துறைச் செய்திகளில் பழகிய சொல்தான். வண்டிச் சைலன்சருக்கும் ‘ஒலிதணிப்பான்’ பொருந்தும், அதில் எனக்குத் தடையில்லை. தடுப்புத் தட்டுக்கு இன்னும் நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். ‘தடுப்பு’ என்பதில் எனக்கு நிறைவில்லை. அந்தத் தட்டுகள் வாயுவைத் திசைதிருப்புகின்றனவே தவிர, முழுதாகத் தடுப்பதில்லை.