ஸ்ட்ராடிவேரியஸும் அந்த ஓட்டல் அறையும்

கமகக்கிறுக்கி: இத்தாலியின் ஸ்ட்ராடிவேரி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த, விலை உயர்ந்த ஸ்ட்ராடிவேரியஸ் வயலினில் வில்லை ஒருமுறை இழுத்தாலே, மலிவான வயலினுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு காதுள்ளவனுக்கு விளங்கிவிடும் என்று நேற்று நாதப்பித்தன் ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒலியியல் ஆய்வாளர் கிளாடியா ஃப்ரிட்ஸும் வயலின் செய்பவரான ஜோசப் கர்ட்டினும் 21 கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, பழைய மரத்தின் மணம் காட்டிக்கொடுக்காதிருக்கத் தாடை படும் இடத்தில் வாசனைத் திரவியமும் தடவி, ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். இரண்டு ஸ்ட்ராடிவேரியஸ், அதே போலப் பெயர்பெற்ற பழைய இத்தாலிய வயலினான குவார்னேரி ஒன்று, மூன்று புதியவை. வீட்டுக்கு எடுத்துச் செல்வதானால் எது என்று கேட்டதற்குப் பழையதைச் சொன்னவர்கள் எட்டுப் பேர்தான். எல்லாவற்றிலும் கடைசியாக நின்றது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். மீதிப் பேருக்குக் காது இல்லை போலும்.

நாதப்பித்தன்: அம்மையார் சாமர்த்தியமாக ஒன்றை விழுங்கிவிட்டார். அந்தச் சோதனை நடந்தது ஓட்டல் அறையில். ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டிய நாதத்தைக் கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் நடுவே எடைபோட்டுவிட்டு அதை ஆராய்ச்சி என்கிறார்கள்.

மரத்தச்சன்: இருவரும் பொறுங்கள். அந்தப் புதிய வயலின்களும் தேர்ந்த கைவினைஞர்கள் செய்த, நம்மில் பலரால் வாங்க முடியாத விலையுள்ள கருவிகள். பழையதா புதியதா என்பதுதான் அங்கே கேள்வி. இங்கே பேச்சு விலை உயர்ந்ததா மலிவானதா என்பது. எதை மலிவு என்கிறீர்கள்?

நாதப்பித்தன்: எந்த விலையானால் என்ன, ஓட்டல் அறை ஓட்டல் அறைதான்.

கமகக்கிறுக்கி: 2012இல் பாரிஸை அடுத்த வன்சேனில் பத்துத் தனிக்கலைஞர்களுக்குப் பன்னிரண்டு வயலின்களைக் கொடுத்து மீண்டும் சோதித்தார்கள். ஒரு சுற்று 300 இருக்கைகள் உள்ள இசையரங்கில். அப்போதும் ஆறு பேர் புதியதையே தேர்ந்தார்கள். அங்கே கட்டிலும் இல்லை, திரைச்சீலையும் இல்லை.

நாதப்பித்தன்: 300 இருக்கைக்குப் பெயர் அரங்கா? ஓட்டல் அறையைச் சற்றே அகலப்படுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மேலும், சுருதி சேர்ப்பதைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் இண்டியானாபொலிஸில் பழைய வயலின்கள் இரவலாகக் கிடைத்தன என்பதை அம்மையார் ஏன் எழுதவில்லை? ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் துண்டுகளைச் சேர்த்துச் செய்த ஒட்டு வீணைக்கும் ஒலியில் வேறுபாடே இல்லை என்று சாதித்தவர் இவர். அன்றே இவருடைய காதின் தரம் தெரிந்துவிட்டது.

கமகக்கிறுக்கி: வேறுபாடே இல்லை என்று நான் எங்கும் எழுதவில்லை, கண்ணைக் கட்டினால் உங்களால் சொல்ல முடியாது என்றேன். அதற்கு இன்றுவரை நீங்கள் வாய் திறக்கவில்லை.

தெருவோரன்: நம் சபாக்களில் வயலினின் உடம்பிலேயே மைக்கை ஒட்டிவிட்டு ஒலிபெருக்கியை அலறவிடுகிறார்களே, அங்கே இந்த நுட்பமெல்லாம் யார் செவிக்கு எட்டுகிறது?

நாதப்பித்தன்: மைக் வைத்த கச்சேரியை நான் கேட்பதில்லை.

தெருவோரன்: சென்ற மார்கழியில் எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை என்று நேராகவே சொல்லியிருக்கலாம்.

கமகக்கிறுக்கி: அரங்கில் உட்கார்ந்து கேட்டவர்களைக் கொண்டு பாரிஸிலும் நியூயார்க்கிலும் நடத்திய சோதனையின் முடிவு 2017இல் வெளியானது. புதிய வயலின்களின் ஒலியே நன்றாக எட்டுகிறது என்றார்கள் கேட்டவர்கள்.

நாதப்பித்தன்: கேட்டவர்கள் யார், எந்த வரிசையில் அமர்ந்தார்கள், யார் வாசித்தார்கள் என்று நான் கேட்டால் கோபப்படுவீர்கள். எத்தனை ஊர் சுற்றினாலும் இந்தக் கதை தொடங்கியது ஓட்டல் அறையில். 2011இல் ‘லேடி பிளண்ட்’ என்ற ஸ்ட்ராடிவேரியஸை 98 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினார்களே, அவர்களெல்லாம் முட்டாள்களா?

மரத்தச்சன்: விலையைச் சொன்னீர்கள், ஒலியைச் சொல்லவில்லை. மலிவு எது என்ற கேள்வியும் அப்படியே கிடக்கிறது.

நாதப்பித்தன்: முதலில் ஓட்டல் அறைக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.